தாராக்களின் பெயரில் ஒரு கடிதம்

என் அருமைப் புனிதம் அக்கா,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. ஏரியைச் சுற்றி இப்போது நான் தனியாகத்தான் நடக்கிறேன். தனியாக நடந்தாலும் இந்த வாய் சும்மா இருக்கிறதா? போன மாதம் எதிரே வந்த சீனத்து அங்கிள் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, தன் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். காதில் எதையோ மாட்டிக்கொண்டு போன் கதைக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நானும் ஓம் என்று தலையாட்டினேன். காதில் ஒன்றும் இல்லை, அக்கா. உங்களோடுதான் கதைத்துக்கொண்டு போனேன்.

அது போன மாதம். இந்தக் கிழமை உங்களோடு ஒரு சொல்லும் கதைப்பதில்லை என்று முடிவெடுத்து வாயைப் பூட்டிக்கொண்டு நடந்தேன். முதல் சுற்று முடிய முதலே தோற்றுப்போனேன். கதைக்காமல் இருக்க முடியாது என்றால் சண்டையாவது பிடிக்கலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் சுகசெய்திகள். உங்கள் வீட்டில் அத்தான் நன்றாக இருக்கிறார். உங்கள் தேசிக்காய் மரம் காய்க்கிறது. அத்தான் புட்டு அவிக்கப் பழகிவிட்டார். அவர் அவிக்கும் புட்டை அடுக்கி ஒரு மதில் கட்டலாம். நான் இரண்டு தரம் சாப்பிட்டு, இரண்டு தரமும் நல்லாயிருக்கு என்று பொய் சொன்னேன். பொய் சொல்வது எனக்குப் பாவமாகத் தெரியவில்லை. யாரிடம் பழகினேன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

எங்கள் ஏரிக்கரைக் குடியிருப்பின் கதையை ஒரு சின்னப் புத்தகமாகப் போடப்போகிறார்கள், அக்கா. இத்தாலியர், சீனர், வெள்ளைக்காரர், நாங்கள் என்று எல்லோருக்கும் சில பக்கங்கள். தமிழரின் பக்கங்களை எழுதும் வேலையை எங்கள் தமிழ்ச் சங்கம் என் தலையில் கட்டியிருக்கிறது. அதில் ஒரு முழுப்பக்கம் உங்களுக்கு. 'மண்டபத்துக்காகப் போராடிய புனிதம் அம்மா' என்று தலைப்பும் கொடுத்துவிட்டார்கள். ஏரிக்கரையில், நடக்கிறவர்கள் இருந்து இளைப்பாற, உங்கள் பெயர் பொறித்து ஒரு வாங்கும் போடுகிறார்கள். புத்தகமும் வாங்கும் ஒரே நாளில் வெளிவரும். அந்தப் பக்கத்துக்கு விவரம் தேடப்போன இடத்தில்தான் அந்தக் கடிதம் என் கையில் அகப்பட்டது.

எந்தக் கடிதம் என்று உங்களுக்குத் தெரியும். இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். இடையில் பாய்ந்து, "அப்பிடியில்லையடி வசந்தி" என்று உங்களால் திருத்த முடியாது. இந்தத் துக்கத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வசதி அதுதான்.

ஏரி என்கிறோம். அது ஏரியா, அக்கா? மெல்பேர்ணின் தென்கிழக்கே, டண்டினொங் தாண்டி மாடு மேய்ந்த வெளி இது. அதற்கு முன் சதுப்பு. அதற்கும் முன்பிருந்தே இந்த மண்ணுக்கு உரியவர்கள் இருந்தார்கள். அவர்கள் இந்தச் சதுப்புக்கு வைத்த பெயர் என்னவென்று நூலகத்தில் கேட்டேன், தேடிச் சொல்வதாகச் சொன்னார்கள். காணி விற்ற கம்பனிக்காரன் மழைத்தண்ணீர் வழிந்து வந்து நிற்க ஒரு பெரிய கிடங்கு வெட்டினான். கவுன்சில் கோப்பில் அது வெள்ளநீர் தேக்கும் குழி. விற்பனைத் தாளில் ஏரி. நாங்கள் தாளை வாசித்து வீடு வாங்கினோம். தாரா வாத்துகள் எதையும் வாசிக்காமலே வந்து சேர்ந்தன.

வீடு வாங்கிய விதத்தையும் எழுதியிருக்கிறேன். காணி விற்கிறவன் குசினியைக் காட்டுகிறான், குளியலறையைக் காட்டுகிறான். எங்கள் ஆட்கள் கையில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். கிழக்குப் பார்த்த வாசல் என்றால் கையெழுத்து. மேற்கு என்றால், யோசித்துச் சொல்கிறோம். இப்படியே எங்கள் தெருவில் ஒரு பக்கம் முழுக்க நாங்களும் இந்தியர்களும், எதிர்ப்பக்கம் முழுக்க மற்றவர்கள் என்று ஆகிவிட்டது. வேண்டுமென்றே ஒன்றாகக் கூடியிருக்கிறோம் என்று யாரோ உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதினார். எங்களைப் பிரித்தது சூரியன் என்று அவருக்கு யார் சொல்வது?

நீங்கள் கிழக்கு வாசல் வரிசையில், ஏரியைப் பார்த்த கடைசி வீடு. உங்கள் பக்கத்து மதிலுக்கு அப்பால் காணி விற்ற கம்பனியின் பழைய அலுவலகம். அதற்கு நேர் எதிரே, மேற்குப் பார்த்த வாசலோடு, டொரீன்.

டொரீனுக்கு அப்போது என்ன வயதோ, அந்த வயது இப்போது எனக்கு. அப்போது நான் அவருக்கு வைத்த பெயர் தாராக் கிழவி. இதை எழுதும்போது இடுப்பில் சூட்டுப் பட்டை கட்டியிருக்கிறேன்.

அவர் தாராக்களின் காவல்காரி. நான் ஒருநாள் காய்ந்த பாண் ரொட்டித் துண்டுகளை ஏரியில் எறிய, தன் நாய் ரஸ்டியையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்து, பாண் போடாதே, வயிறு வீங்கிச் சாகும் என்றார். என் பிள்ளைக்கே நான் தினமும் பாண்தான் கொடுக்கிறேன், உன் தாராவுக்கு ஆகாதோ என்று தமிழில் கேட்டேன். நீங்கள் பக்கத்தில் நின்று சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தீர்கள். அன்றைக்குத்தான் எங்கள் சிநேகிதம் தொடங்கியது. டொரீனை வைத்துத்தான் தொடங்கியது, பாருங்கள்.

பிறகு மண்டபக் கதை. காணியெல்லாம் விற்றுத் தீர்ந்ததும் அந்த அலுவலகம் பூட்டிக் கிடந்தது. அதைத் தமிழ்ப் பள்ளிக்கும் வயோதிபர் கூடுவதற்கும் கேட்போம் என்று பேச்சு வந்தது. நீங்கள் சங்கத்தின் தலைவி. கூட்டத்தில் யோசனையை எடுத்து வைத்தவரே நீங்கள்தான். எல்லோரும் கை தூக்கினோம்.

எங்கள் சங்கத்தில் எப்போதும் இரண்டு கூட்டம் நடக்கும் என்பது தெரிந்த விஷயம். உள்ளே ஒன்று, அதில் எல்லோரும் ஓம். வெளியே கார் நிறுத்துமிடத்தில் மற்றது. உண்மையான கூட்டம் அதுதான், அதில் ஒருவரும் ஓம் இல்லை. இவ்வளவு காலத்தில் உள்ளே நின்றபடி மாட்டேன் என்று சொன்ன ஒருவரை நான் கண்டதில்லை. நானும் சொன்னதில்லை. மண்டப விஷயத்தில் மட்டும் வெளியேயும் ஓம் என்றுதான் கதை. அப்படித்தான் நான் நினைத்தேன்.

கவுன்சில்காரர் கட்டடத்தில் மஞ்சள் அறிவித்தல் ஒட்டினார்கள்: இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது, ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள். ஒன்று வந்தது. அருகில் வசிக்கும் ஒருவர் என்று மட்டும் சொன்னார்கள். வாகன நெரிசல், சத்தம், நீர்ப்பறவைகளின் அமைதி. அதை ஆராய்கிறோம் என்று இழுத்தார்கள். அவர்கள் ஆராய்ந்து முடிப்பதற்குள் கம்பனி கட்டடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது. இன்றைக்கு அது கோப்பிக் கடை.

தமிழ்ப் பள்ளி என் வீட்டுக் கராஜுக்கு வந்தது. என் மகள் அபி உயிரெழுத்துப் படித்தது புல்வெட்டும் மெஷினுக்கும் பெயின்ட் வாளிக்கும் நடுவில். இன்றைக்கும் அவளுக்குத் தமிழ் என்றால் பெட்ரோல் மணக்குமாம். அதையும் ஆங்கிலத்தில்தான் சொல்கிறாள். வயோதிபர்கள் பஸ் தரிப்பிடத்தில் கூடிச் சீட்டு விளையாடத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பஸ்ஸும் நிற்கும், கதவு திறக்கும், ஐந்து அங்கிள்மார் கையைக் காட்டிப் போ போ என்பார்கள். எழுதினால் சிரிப்பாக இருக்கிறது. மாரிகாலத்தில் அந்த இரும்பு ஆசனத்தில் இருந்து பார்த்தவர்களுக்குச் சிரிப்பில்லை.

ஆட்சேபம் எழுதியது யார்? கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் எல்லோரும் உங்களைச் சூழ்ந்து நின்று கேட்டோம். நீங்கள் சொன்னது சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

"நான் ஒருத்தற்ர பேரும் சொல்லமாட்டன். அது முறையில்லை. ஆனா இந்தத் தெருவில தாராவில ஆருக்கு அக்கறை எண்டு உங்களுக்கே தெரியும்."

தெரியுமே! ஒரு கணமும் யோசிக்காமல் எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எவ்வளவு நாகரிகமான மனுசி, பெயரைச் சொல்லவே மாட்டேன் என்கிறாவே என்று அன்றைக்கு உங்களை மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அன்றிலிருந்து டொரீன் எங்களுக்கு ஆகாத ஆள். கண்டால் முகம் திருப்பினோம். சங்க மலரில் அவரை வைத்து நான் எழுதினேன். கலைவிழாவில் 'தாராக் கிழவி' என்று ஒரு நாடகம் போட்டோம்; நான்தான் கிழவி. வெள்ளைப் பஞ்சுத் தலைமயிர், பூப்போட்ட சட்டை, ஒரு காலை இழுத்து இழுத்து ஒரு நடை. அந்த நடைக்கே வாடகை மண்டபம் அதிரும். கேட்டுக் கேட்டு நாலைந்து வருடம் போட்டோம். எனக்கு நகைச்சுவை எழுத்தாளர் என்று பெயர் வந்தது அந்தக் காலில்தான்.

பூப்போட்ட சட்டையைத் தைத்துத் தந்தது யார், அக்கா? இடுப்பில் ஊசியைக் குத்திக்கொண்டு, "அசையாதையடி, கிழவிக்கு இடுப்பு கொஞ்சம் பெருப்பிக்க வேணும்" என்று சொன்னது யார்?

ஒரு வருடம் டொரீனே வந்தார். அக்கம்பக்கத்தவரையும் அழைக்க வேண்டும் என்று இளம் ஆட்கள் யாரோ அழைப்பிதழ் கொடுத்திருக்கிறார்கள். முன்வரிசையில், கையில் ஒரு டப்பா கேக்கோடு இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் மேடையில் காலை இழுத்து நடந்தேன். எல்லோரும் சிரித்தபோது அவரும் சிரித்தார். முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார். திரைக்குப் பின்னால் நானும் நீங்களும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தோம். நீங்கள் எதை நினைத்துச் சிரித்தீர்கள்?

இனிக் கடிதம். போன மாதக் கடைசியில், புத்தகத்துக்கு ஏதாவது தேறும் என்று அத்தான் உங்கள் பழைய கடதாசிப் பெட்டியைத் தூக்கித் தந்தார். சங்க அறிக்கைகள், படங்கள், கூட்டக் குறிப்புகள். அடியில் ஒரு உறைக்குள், கவுன்சிலுக்கு நீங்கள் எழுதிய ஆட்சேபக் கடிதத்தின் பிரதி. கிடைத்தது என்று கவுன்சில் அனுப்பிய பதிலும் அதோடு குத்தியிருந்தது. உங்கள் பெயர், உங்கள் விலாசம், உங்கள் முத்துமுத்தான கையெழுத்து.

நின்றபடி வாசித்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கார்கள் வந்து நிற்கும். கணவர் இரவு வேலை, பகலில் தூங்க வேண்டும். எல்லாம் உண்மை. பிறகு ஒரு வரி: 'ஏற்கனவே சிலர் காலை ஆறு மணிக்கே ஏரியைச் சுற்றி உரத்துப் பேசிச் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள்.' அந்தச் சிலர் நாங்கள் இருவர்தானே, அக்கா! அதில் பாதிச் சத்தம் உங்களுடையதல்லவா? என்னை நீங்கள் கவுன்சிலுக்கு முறைப்பாடு செய்த அதே கிழமையில் என்னோடு எத்தனை சுற்று நடந்தீர்கள்?

அந்த வரிக்குச் சிரித்துவிட்டேன். உண்மையாகத்தான். அடுத்த பந்தியில் சிரிப்பு நின்றது. ஏரியின் நீர்ப்பறவைகள், அவை முட்டையிடும் நாணல், ஆட்கள் எறியும் பாண். உங்களுக்குத் தாராவையும் கோழியையும் கறிச்சட்டியில் கண்டால்தான் வித்தியாசம் தெரியும். அந்தப் பந்தி டொரீனின் வாயிலிருந்து எடுத்தது. கடிதத்தின் காரணங்கள் வெளியே தெரிந்தால் யாரை நாங்கள் சந்தேகிப்போம் என்று எழுதும்போதே யோசித்து எழுதியிருக்கிறீர்கள்.

நேரே குசினிக்குப் போய் அத்தானிடம் நீட்டினேன்.

"அத்தான், இது உங்களுக்குத் தெரியுமோ?"

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றி வைத்தார்.

"தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"அண்டைக்கே தெரியும். தபால்ல போட்டதே நான்தான்."

"இவ்வளவு காலமும் எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உனக்குச் சொல்லுறதும் ஒண்டு, ரேடியோவில சொல்லுறதும் ஒண்டு, பிள்ளை."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"அவ களைச்சுப் போனா, வசந்தி. மண்டபம் வந்தா சாவி எங்கட வீட்டில. தேத்தண்ணி எங்கட குசினியில. ஆர் வந்தாலும் முதல் எங்கட கதவைத்தான் தட்டுவினம். எல்லாரும் கை தூக்கி இருக்கேக்க, தலைவி எழும்பி எனக்கு ஏலாது எண்டு என்னெண்டு சொல்லுறது?"

"அது எனக்கு விளங்குது. ஏலாது எண்டு எனக்கு மட்டும் சொல்லியிருந்தா, நானே ஏதும் சாட்டுச் சொல்லி அந்த விண்ணப்பத்தைத் திருப்பி எடுப்பிச்சிருப்பன். டொரீன் என்ன செய்தவ?"

"அவ டொரீனின்ர பேர் சொல்லேல்லையே."

"ஓம். பேர் சொல்லேல்லை. சட்டை மட்டும் தைச்சுத் தந்தவ."

அத்தான் கடிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினார். பிறகு, "போன மனுசியை இனி விசாரிச்சு என்ன? கிழிச்சுப் போடன், பிள்ளை" என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

சங்கத்தின் இப்போதைய செயலாளர் ஜெகனுக்கும் போன் பண்ணினேன். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அன்ரி, நீங்கள் ஒரு லெட்டரும் காணேல்லை. நானும் ஒண்டும் கேக்கேல்லை. ஓகேயா? வாங்குக்குப் பேர் வெட்டக் குடுத்தாச்சு."

"ஜெகன், மண்டபத்துக்காகப் போராடினவ எண்டு நான் என்ர கையால எழுதேலாது."

"அப்ப போராடினவ எண்டு போடாதேங்கோ. பாடுபட்டவ எண்டு போடுங்கோ."

"பாடுபட்டது டொரீன்."

"ஐயோ அன்ரி, ஒரு பக்கம்தானே! நாலு நல்ல வார்த்தை. உங்களுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு எழுத வருமே."

வரும்தான். அதுதான் பிரச்சினை. உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத எனக்குக் கண்ணை மூடவும் தேவையில்லை. என் இரண்டாவது பிரசவத்தில் நீங்கள் இருந்தீர்கள். அம்மா செத்த செய்தி வந்தபோது என் தலைமயிரைச் சீவிக் கட்டியது நீங்கள். எல்லாம் எழுதலாம். ஆனால் இது ஊரின் கதைப் புத்தகம். அதில் மண்டபக் கதையை நான் எழுதினால் ஆட்சேபம் எழுதிய அயலவர் என்று ஒரு வரி வரத்தான் வேண்டும். அந்த வரியை வாசிக்கிற ஒவ்வொரு தமிழரும் எதிர் வீட்டைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பழக்கிவிட்ட பார்வை அது.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் பின்னேரம் டொரீனின் கதவைத் தட்டினேன். கதவு திறக்க நேரம் பிடித்தது. இப்போது சக்கரம் வைத்த தடியைத் தள்ளிக்கொண்டுதான் நடக்கிறார். என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி:

"யாராவது இறந்துவிட்டார்களா?"

நியாயமான கேள்வி. இவ்வளவு காலத்தில் நாங்கள் அவர் கதவைத் தட்டியதெல்லாம் செத்தவீட்டுக்கு வருகிறவர்களின் கார் நிறுத்த இடம் கேட்கத்தான்.

உள்ளே கூப்பிட்டார். தேநீர் தந்தார். நான் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்: மண்டபம், ஆட்சேபம், நாங்கள் அவரை நினைத்தது, மலரில் எழுதியது, நாடகம். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"எந்த மண்டபம்?"

அவருக்கு ஞாபகமே இல்லை, அக்கா! ஒரு முழு யுத்தம் நடத்தினோம். எதிரிக்கு யுத்தம் நடப்பதே தெரியாது.

பிறகு, "அந்த நாடகத்தில் நீ என்ன சொன்னாய்? எனக்குச் சொல்லு" என்றார். வேண்டாம் என்றேன். விடவில்லை. என் பெயர்பெற்ற பகிடிகளை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில், யாரைப் பற்றியதோ அவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். எவ்வளவு சின்னப் பகிடிகள்! சமைக்கத் தெரியாதவர், தனிமரம், பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதில்லை. அவர் அசையாமல் இருந்தார். கிழவி காலையில் தாராக்களை வரிசையில் விட்டு பள்ளிக்கூடம் போல இடாப்புக் கூப்பிட்டு எண்ணுகிற இடத்துக்கு மட்டும் சிரித்தார். "அது உண்மை, நான் எண்ணுவேன்" என்றார்.

"அந்த நடை?" என்று கேட்டார்.

கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நாங்கள் நாடகம் தொடங்கிய வருடம்தான் அவருக்கு இடுப்பு எலும்பில் சத்திரசிகிச்சை நடந்ததாம்.

நான் அழுதேன். எனக்கு அழுகை வராது என்று நீங்கள் சொல்வீர்கள், வந்தது. அவர் ஒரு பெட்டி கடதாசிக் கைக்குட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீங்கள் எல்லோரும் என்னைக் கண்டால் தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போவீர்கள். ரஸ்டிக்குப் பயந்துதான் என்று நினைத்தேன். உங்கள் ஆட்களுக்கு நாய் என்றால் பயம் என்று யாரோ சொன்னார்கள். அவன் செத்த பிறகு நான் வேறு நாய் எடுக்கவில்லை. இனி வருவீர்களோ என்று பார்த்தேன்."

அக்கா, இதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம் முழுவதும். கராஜில் படித்த பிள்ளைகள் எப்படியோ படித்தார்கள். அங்கிள்மார் எப்படியோ சீட்டு விளையாடினார்கள். தனியாக வாழ்ந்த ஒரு மனுசி நாங்கள் வருவோம் என்று நாயும் இல்லாமல் இருந்திருக்கிறார்.

கடிதம் எழுதியது நீங்கள் என்று கடைசியாகச் சொன்னேன். டொரீன் யன்னலால் உங்கள் வீட்டைப் பார்த்தார்.

"அந்த முனை வீட்டுப் பெண்ணா? அவர் ஒருவர்தான் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பலகாரம் கொண்டு வருவார். கேற்றுக்கு மேலால் தந்துவிட்டு ஓடிவிடுவார். உள்ளே வா என்றால் வரமாட்டார்."

இதையும் எனக்குச் சொல்லவில்லை நீங்கள். இனிப்பு ரொட்டியா, பயற்றம் பணியாரமா? கேற்றுக்கு மேலால் நீட்டுகிற கை, ஒரு நாளைக்கு வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"என்னிடம் அப்போதே வந்து கேட்டிருந்தால்," என்றார் டொரீன், "நானும் அதில் கையெழுத்துப் போட்டிருப்பேன். வாசலில் முப்பது கார் நிற்பது யாருக்குப் பிடிக்கும்?"

சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். ஆனால் மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. வாசல் வரைக்கும் வந்து, "புத்தகத்தில் சரியாக எழுது" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே உங்கள் பக்கத்தை எழுதி முடித்தேன். மண்டபம் கேட்டவரும் அதை நிறுத்தியவரும் ஒருவரே என்று எழுதினேன். ஏன் நிறுத்தினீர்கள் என்பதையும் எழுதினேன்; அதில் எனக்கு உங்கள் மீது ஒரு மனக்குறையும் இல்லை. பழியை இன்னொருத்தி சுமந்தார் என்று எழுதினேன். அந்தப் பழியை வைத்து ஊரைச் சிரிக்க வைத்தவள் நான் என்று என் பெயரைப் போட்டு எழுதினேன். பலகாரத்தையும் எழுதினேன்.

அனுப்ப முதல் அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். கிழித்துப் போடுவார் என்று ஆயத்தமாகத்தான் போனேன். கேட்டு முடித்துவிட்டு, யன்னல் பக்கம் திரும்பி, "தபால்ல போட்டது நான் எண்டதை விட்டிட்டாய்" என்றார். "அதையும் எழுது. அவ தனிய நிக்க வேண்டாம்."

எழுதினேன்.

ஜெகன் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பக்கம் வராவிட்டால் தமிழர் பக்கங்கள் எதிலும் என் எழுத்து வராது என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்கிறார்களாம். என்ன முடிவானாலும், இந்தக் கடிதத்தைச் சங்க மலருக்குக் கொடுத்துவிட்டேன். டொரீனைப் பற்றி நான் எழுதியதை வாசித்துச் சிரித்தவர்கள் இதையும் வாசிக்கட்டும்.

எனக்கு என்ன வயிற்றெரிச்சல் தெரியுமா, அக்கா? வாழ்க்கையில் இவ்வளவு பெரிய புதினச் செய்தி ஒன்று என் கையில் அகப்பட்டிருக்கிறது. பெட்டிக்குள் கடிதம், எதிர் வீட்டில் அழுகை, அத்தானின் வாக்குமூலம். இதை ஓடி வந்து மூச்சு வாங்க வாங்கச் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆள் நீங்கள். அந்த ஆளைப் பற்றியே புதினம் வந்தால் நான் யாரிடம் போவேன்?

உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அழகாக முடியும். நாலு பேர் கண்ணைத் துடைப்பார்கள். எழுதமாட்டேன். இந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் வேண்டும். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். கோபம் தீருகிற அன்றைக்கு அத்தானுக்குச் சொல்ல முதல், டொரீனுக்குச் சொல்ல முதல், உங்களுக்குத்தான் சொல்வேன். அதுவரைக்கும் உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டே நடப்பேன். உரத்துத்தான்.

கூடப் பிறக்காமலே கூடப் பிறந்தவள் போல நம்பி ஏமாந்த,
உங்கள் தங்கச்சி
வசந்தி